சோழர் சரிந்த சனிக்கிழமை

சிட்னியிலிருந்து தெற்கே ஹெலன்ஸ்பர்க் போகிற சாலையில் சோழப் பேரரசு பலமுறை எழுந்து பலமுறை விழுந்திருக்கிறது. கார் ஓட்டுவது என் தோழி. பக்கத்தில் நான், மடியில் தண்ணீர்ப் பாட்டிலோடு, கடாரத்தை வென்றுகொண்டிருப்பேன். அவள் ஒரு பெரிய லாரியை முந்திக்கொண்டே, "வென்றது சரி, அதை எவ்வளவு காலம் வைச்சிருந்தவர்?" என்பாள். காட்டுக்குள் சாலை வளையும். வளைவு முடிந்து வெயில் முகத்தில் அடிக்கும்போது, பேசிக்கொண்டிருந்த அரசன் செத்துப்போய் அவன் மகன் பட்டத்துக்கு வந்திருப்பான்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் அந்த வருடம் பட்டிமன்றம். வழக்கமாகக் கைப்பேசி நல்லதா கெட்டதா, கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்று போகிற சங்கம் திடீரென்று வரலாற்றுக்குத் தாவியதற்கு ஒரே காரணம், எங்கள் நடுவர் விடுமுறைக்குத் தஞ்சாவூர் போய்விட்டு வந்திருந்தார். மலேசியாவின் கிள்ளானில் பிறந்து வளர்ந்த ஓய்வுபெற்ற பல் மருத்துவர் அவர். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வேறு எதைப் பற்றியும் அவரால் பேச முடியவில்லை. ‘சோழப் பேரரசு சரிந்தது உட்பகையாலா, வெளிப்பகையாலா?’ என்று தலைப்பை அவரே வைத்தார். வெளிப்பகை அணியில் என்னைப் போட்டார்கள். உட்பகை அணிக்குக் கடைசிப் பேச்சாளர் என் தோழி.

அவள் மன்னார்க்காரி, கத்தோலிக்கர். ஒரு மருத்துவமனையில் சம்பளப் பிரிவில் வேலை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள் என்பதால் நான் அக்கா என்பேன். அவள் என்னை நீர், உமக்கு என்பாள். நான் திருச்சிப் பக்கம். படிக்க வந்து, படிப்பு முடிந்து, திரும்பிப் போவதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு நடுவயதுக்கு வந்து சேர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போவோம். நான் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வருவதற்குள் அவள் நேரே கேன்டீனுக்குப் போய் வரிசையில் நின்றிருப்பாள். "சாமி உமக்கு, தோசை எனக்கு. ஒருத்தரும் ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை."

அந்தக் கேன்டீன் மேசையில்தான் எங்கள் ஒத்திகை. ஒருவர் பேச மற்றவர் மறுக்க வேண்டும். நான் எழுச்சியிலிருந்து தொடங்குவேன். எனக்குப் பிடித்தது அதுதான். பல்லவருக்குக் கப்பம் கட்டிக்கொண்டு உறையூர்ப் பக்கம் ஒதுங்கிக் கிடந்த ஒரு சின்னக் குடும்பம். ஒருநாள் தஞ்சையைப் பிடித்தது. பிடித்தவனின் பேரன் காலத்தில் வடக்கே நடந்த போரில் பட்டத்து இளவரசன் யானை மேல் உட்கார்ந்தபடியே செத்தான், பிடித்ததெல்லாம் கையை விட்டுப் போயிற்று. அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மறுபடி எழுந்தார்கள். மலையே இல்லாத வயல்வெளியில் மலை மாதிரி ஒரு கோபுரம் நின்றது. அதைக் கட்டியவனின் மகன் கங்கையிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் செய்தான். அந்தத் தண்ணீரை ஊற்ற ஓர் ஏரி வெட்டினான். ஏரிக்குப் பக்கத்தில் புதுத் தலைநகரம். கடல் தாண்டிக் கப்பல்கள். சொல்லும்போதே எனக்குக் குரல் ஏறிவிடும். பக்கத்து மேசையில் புளியோதரை சாப்பிடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"உங்கட ராசா எங்கட ஊருக்கும் வந்தவர்," என்பாள் தோழி. மன்னாரை ஒட்டிய மாதோட்டத்தில் சோழர் ஒரு கோயில் கட்டியதைச் சொல்வாள்.

"நம்ம ராசான்னு சொல்லுங்க அக்கா."

"உங்கட ராசா. எங்களைக் கேட்டே வந்தவர்?"

பிறகு இரண்டு பேரும் சிரிப்போம். அவள் என் தட்டிலிருந்து வடையை எடுத்துக்கொள்வாள். அதற்குப் பெயர் கப்பம்.

சரிவைப் பேசும்போது அவள் குரல் இறங்கிவிடும். நான் பாண்டியன் திரும்பி வந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்ததைச் சொல்வேன். அவள் தலையை ஆட்டுவாள். "எரிச்சவன் பிந்தித்தான் வந்தவன். அதுக்கு முன்னமே உள்ளுக்க எல்லாம் உக்கிப்போச்சு. ஒவ்வொரு சிற்றரசனும் தன்ர கோட்டையைத் தான் கட்டி, தன்ர பேரைத் தான் கல்லில வெட்டி, கப்பம் கட்டுறதை நிப்பாட்டி. கடைசியில ஒரு சிற்றரசன் சக்கரவர்த்தியையே பிடிச்சு அடைச்சு வைச்சவன். மேற்கில இருந்து வேற ஒரு ராசா வந்துதான் விடுவிச்சது. யோசிச்சுப் பாரும். சோழச் சக்கரவர்த்தி. அயலவன் இரக்கப்பட்டுத் திறந்துவிட்ட கதவால வெளியில வாறார்."

அந்தக் கதவை அவள் அப்படி விவரித்ததற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு ஒரு தம்பி.

தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவனை வளர்த்தது இவள்தான். இவள் முறைப்படி விசா எடுத்து விமானத்தில் வந்தவள். அவன் பல வருடம் கழித்துப் படகில் வந்தான். வில்லாவுட் குடிவரவுத் தடுப்பு முகாமில் வைத்தார்கள். எவ்வளவு காலம் என்று அவள் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்த கதைகள் தெரியும். கடைசியில் தற்காலிக விசாவில் வெளியே விட்டார்கள். அக்கா வீட்டுக்கு வந்தான். வீட்டில் அவனுக்கென்று ஓர் அறை, புதுக் கட்டில், புது மெத்தை, திரைச்சீலைகூட வாங்கிப் போட்டிருந்தாள். அவன் அதில் படுக்கவில்லை. கராஜில் ஒரு பழைய சோபாவைப் போட்டுக்கொண்டான். கதவை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் இருப்பான். சாப்பாட்டை அவள் கொண்டுபோய் வாஷிங் மெஷின் மேல் வைப்பாள். யாரும் இல்லாதபோது நின்றபடியே சாப்பிடுவான். சாப்பாட்டு மேசையில் அவனுக்காகப் போட்ட கதிரையில் அவள் பிள்ளைகளின் ஸ்கூல் பைகள் கிடக்கும்.

மற்றபடி அமைதியானவன். புல் வெட்டுவான், அயலாரின் வேலியைச் சரிசெய்து கொடுப்பான். சனம் என்றால்தான் முடியாது. தேவாலயத்தில் மாதத்தில் ஒருநாள் நடக்கும் தமிழ்ப் பூசைக்குக் கூட்டிப்போனால் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, எல்லோரும் எழுந்து போய் நன்மை அப்பம் வாங்குகிற நேரத்தில் காணாமல் போய்விடுவான்.

"அவன் ஒருக்கா சனத்துக்க வந்து இருந்து, ஒரு தட்டில சாப்பிட்டிட்டான் எண்டாப் போதும்," என்பாள் தோழி. "பிறகு எல்லாம் தானா வரும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

அந்தத் தம்பி பட்டிமன்றத்துக்கு வருகிறேன் என்று சொன்னான். இவள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே பேச்சைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பது கராஜுக்குக் கேட்டிருக்கிறது. ஒருநாள் உள்கதவைத் திறந்து, "அந்த ஏரி இப்பவும் இருக்கோ?" என்று கேட்டானாம். இருக்கிறது என்று சொன்னாளாம். இன்னொரு நாள் கப்பலைப் பற்றிக் கேட்டானாம். பிறகு, "நானும் வாறன், முழுக்கக் கேப்பம்" என்றானாம். இதை என்னிடம் சொல்லும்போது அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டாள். கண்ணாடியில் முகத்தைத் துடைத்தாள். "சிறை எண்ட சொல்லு வாற இடம் எல்லாத்தையும் எடுத்துப்போட்டன். சக்கரவர்த்தியை அடைச்சு வைச்ச கதையே வேண்டாம். அவன் முன்னுக்கு இருப்பான்."

"அதுதானே உங்க பலமான பாயின்ட்?"

"பாயின்ட் கிடக்கட்டும். அவன் இருந்து கேட்டாப் போதும்."

பேச்சில் அந்த இடம் ஓட்டையாகிவிட்டது. அதை எதைக் கொண்டு அடைப்பது என்று விழா நாள் வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை. மேற்கு சிட்னியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். ஜனவரி வெயில் தகரக் கூரையில் இறங்கி, கீழே நாங்கள் பட்டுப்புடவையில் வெந்துகொண்டிருந்தோம். வெளியே கரும்பு, உள்ளே குழந்தைகளின் நடனம் தாமதம், மைக் கோளாறு, பிரமுகர் பேச்சு என்று எங்கள் முறை வரும்போது கூட்டம் களைத்துவிட்டிருந்தது. தம்பி வந்திருந்தான். கழுத்துப் பட்டன்வரை போட்ட நீலச் சட்டை, அதில் மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. ஓரக் கதிரை. அவனுக்கு இந்தப் பக்கம் அக்காவின் கணவர், அந்தப் பக்கம் நடைபாதை. தோழி மேடையிலிருந்து அவனைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அந்த முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அவளிடம் கண்டதில்லை.

நடுவர் தொடங்கினார். "கடாரம்ங்கிறது எங்க நாட்டுல இருக்கு. அடி வாங்கினது எங்காளுங்க. அதனால இன்னிக்கு நான் நடுநிலையா இருப்பேன்னு யாரும் எதிர்பார்க்காதீங்க." சிரிப்பு வந்தது. பிறகு வந்தவர்கள் வரலாறு பேசினார்கள். சிரிப்பு போய்விட்டது. கொட்டாவிகள். பின்வரிசைகள் வடை வாசனையைத் தேடிக் கலைய ஆரம்பித்தன.

பட்டிமன்றம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மருந்தும் தெரியும். வீட்டை மேடைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். புருஷனை, மாமியாரை, மருமகளை, பிள்ளையை. அதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொள்வது நாகரிகமில்லை. நானும் அதைத்தான் செய்தேன். "வெளிப்பகைன்னா என்னன்னு சோழனுக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். மூணு மாச விசிட்டர் விசாவுல சென்னையிலேர்ந்து எங்க வீட்டுக்கு வருது. வந்த அன்னிக்கே அடுப்படியைக் கைப்பத்திடுது." மண்டபம் விழித்துக்கொண்டது. மூன்றாவது வரிசையில் என் கணவர் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்தார். அதற்கு ஒரு கைதட்டல். நான் பாண்டியனைக் கொண்டுவந்து தஞ்சையை எரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

கடைசியாகத் தோழி.

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். உக்கிப்போன மரம், உள்ளே இருக்கும் கறையான், வெளியே பச்சை இலை. கப்பம் நின்றது, சிற்றரசர் தனித்தனியாகக் கோட்டை கட்டியது. பிறகு அந்த ஓட்டை வந்தது. சக்கரவர்த்தியை அடைத்து வைத்த இடம். அதை விட்டுத் தாண்ட வேண்டும். தாண்டுகிற காலுக்குப் பலகை இல்லை. கூட்டத்தைப் பார்த்தாள். நான் எழுப்பிவிட்ட சிரிப்பு இன்னும் மண்டபத்தில் சூடாக இருந்தது. அவள் அதில் காலை வைத்தாள்.

"சிற்றரசர் எண்டா என்னெண்டு விளங்கேல்லையோ? எங்கட வீட்டுக்கு வந்து பாருங்கோ. எங்கட வீட்டில ஒரு சிற்றரசர் இருக்கிறார். அரண்மனையில அறை குடுத்தம், வேண்டாமாம். கராஜுக்குள்ள தனி ராச்சியம். கோட்டைக் கதவு முழங்காலுக்கு மேல திறக்காது. கப்பம் இல்லை. சக்கரவர்த்தினி நான் சோறு கொண்டுபோய் வாசல்ல வைச்சிட்டுத் திரும்பிப் பாக்காமல் வரவேணும். ராஜ மரியாதை, வாஷிங் மெஷினுக்கு மேல."

மண்டபம் வெடித்தது. இதுவரை அப்படி ஒரு சிரிப்பை எங்கள் சங்கத்தில் நான் கேட்டதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கராஜ் இருக்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் மேசைக்கு வர மறுக்கிறார். அவரவர் வீட்டு ஆளை நினைத்துச் சிரித்தார்கள். தோழியின் கணவர் சிரித்தார். தம்பியும் சிரித்தான். நான் பார்த்தேன், பல் தெரியச் சிரித்தான். அதனால்தான் அவளும் நம்பிவிட்டாள். "ஒரு கராஜையே சேர்த்து ஆள ஏலாத எங்களுக்கு, கங்கையில இருந்து கடாரம் வரைக்கும் எப்பிடி ஆளுறது?" என்று முடித்தாள். மணி அடித்தது. கைதட்டு ஓயவில்லை.

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். உட்பகையால்தான். எதிரி வருவதற்கு முன்னாலேயே வீடு காலியாகிவிட்டது. அவர் சொன்னதில் தவறில்லை. அன்று நான் தோற்றதில் எனக்கு வருத்தமும் இல்லை.

சாப்பாட்டு வரிசை மண்டபத்துக்கு வெளியே, பந்தலுக்குக் கீழே. தம்பி தட்டோடு நின்றிருந்தான். தோழி இல்லாமல், தானாகவே போய் நின்றிருந்தான். அவனுக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "ஓ, நீங்கதானா சிற்றரசர்?" என்றார் அன்பாக. பின்னால் ஓர் அங்கிள், "சிற்றரசே, இண்டைக்கு வாஷிங் மெஷின் இல்லை, பிளாஸ்டிக் மேசைதான், பரவாயில்லையோ?" என்றார். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த பெண், "கப்பம் கட்டினாத்தான் வடை" என்றாள். எல்லாம் பிரியம்தான். எங்கள் சனத்துக்குப் பிரியத்தைக் காட்ட வேறு வழி தெரியாது. ஒருவனைச் சேர்த்துக்கொண்டோம் என்று சொல்ல அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைப்போம். நடுவரே வந்தார். அவன் தோளில் கையைப் போட்டு, "சிற்றரசருக்கு வழி விடுங்கப்பா," என்று வரிசையை விலக்கினார். வரிசை சிரித்துக்கொண்டே விலகியது. அவன் ஒருவன் மட்டும் நடுவில், கையில் தட்டோடு.

அவன் புன்னகைத்தான். தட்டை மண்டபத்து ஜன்னல் விளிம்பில் வைத்தான். பொங்கல், வடை, ஒரு துண்டு கரும்பு, எதுவும் தொடப்படவில்லை. கைகழுவப் போகிறவன் மாதிரிப் போனான்.

தோழி அப்போது மேடைக்குக் கீழே வாழ்த்துகளுக்கு நடுவே இருந்தாள். என்னைப் பிடித்து, "எப்பிடி? கண்டனீரே, அவன் சிரிச்சவன்," என்றாள். நான் பந்தலில் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். அவன் நடந்தே ரயில் நிலையத்துக்குப் போயிருந்தான்.

அந்த வாரமே மெல்பர்னுக்குப் போய்விட்டான். வில்லாவுட்டில் கூட இருந்த யாரோ அங்கே டான்டனாங் மலையடிவாரத்தில் ஒரு பூப்பண்ணையில் வேலை பார்த்தார்களாம். கராஜைக் கூட்டிச் சுத்தமாக்கி, சோபாவை மூலைக்குத் தள்ளி, கதவை முழுசாக இறக்கிப் பூட்டிவிட்டுப் போனான். சண்டை இல்லை, ஒரு சொல் இல்லை. போய்ச் சேர்ந்ததும், சேர்ந்துவிட்டேன் என்று ஒரு செய்தி. அவள் அழைத்தால் எடுக்கமாட்டான். எழுதினால் "ஓம், சுகம்" என்று பதில் வரும்.

சங்கம் பட்டிமன்றத்தை யூடியூபில் ஏற்றியிருந்தது. கீழே எல்லோரும் சிற்றரசரைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். தோழி செயலாளரிடம் மன்றாடி அந்தப் பகுதியை வெட்டவைத்தாள். இப்போது அதைப் பார்த்தால், சிற்றரசர் கோட்டை கட்டுகிறார்கள், உடனே நடுவர் தீர்ப்புச் சொல்கிறார். நடுவில் பேரரசு எப்படி விழுந்தது என்பதே இல்லை. கைதட்டல் மட்டும் எதற்கென்று தெரியாமல் கேட்கிறது.

ஹெலன்ஸ்பர்க் போவது நிற்கவில்லை. போகும் வழியில் சோழர் மட்டும் நின்றுபோனார்கள். ரேடியோ போடுவாள். எனக்கோ அது உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கங்கை நீர் ஊற்றிய அந்தத் தலைநகரத்தை நான் ஒருமுறை பேருந்து ஜன்னலில் பார்த்திருக்கிறேன். கோயில் மட்டும் நின்றது. அரண்மனை இருந்த இடத்தில் மேடு, மேட்டில் முள்ளுச்செடி. கோயில் மதிலின் கற்களைக்கூடப் பின்னாளில் ஆற்றுக்கு அணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்களாம். அணை நல்ல காரியம்தான். தண்ணீர் வயலுக்குப் போயிற்று. யாரும் கெட்ட எண்ணத்தோடு ஒரு கல்லையும் எடுக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறாது. எரித்தவனைத் திட்டலாம். நல்லதுக்கு எடுத்துக்கொண்டு போனவர்களை என்ன செய்வது?

குளிர்காலத்தில் மெல்பர்னில் என் சித்தப்பா மகன் வீட்டுப் புதுமனை புகுவிழா. தோழிக்குத் தெரிந்ததும், "போறீர்தானே," என்றாள். அவ்வளவுதான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஒருக்கா பாத்திட்டு வாரும். திரும்பி வாறானோ எண்டு கேட்டுப் பாரும். நான் கேக்கச் சொன்னதெண்டு சொல்லும், சொல்லாட்டியும் அவனுக்கு விளங்கும்."

நான் எழுதிக் கேட்டேன். ஞாயிறு மதியம் ‘த பேசின்’ என்கிற ஊரில் உள்ள பிள்ளையார் கோயிலுக்கு வரச்சொன்னான். சித்தப்பா மகனின் காரை வாங்கிக்கொண்டு போனேன். மலையடிவாரத்தில் மூடுபனி இன்னும் கலையவில்லை. மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் ஒரு வெள்ளை வேன், பின்கதவு திறந்து, அதில் பூ வாளிகள். அவன் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தான். தடித்த ஜாக்கெட், நகத்தில் மண். "வாங்கோ அக்கா," என்றான். "விக்காமல் மிஞ்சின பூ. பண்ணைக்காரர் எறியச் சொல்லுவார். நான் இங்க கொண்டு வாறனான். மாதா கோவிலுக்கும் குடுக்கிறனான்."

உள்ளே சாப்பாட்டுக் கூடம். நீண்ட மேசைகள், மடக்கு நாற்காலிகள். அவன் ஒன்றை இழுத்து எனக்குப் போட்டு, எதிரில் தான் உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் மாணவர்கள். யாரோ, "தம்பி, அந்த ரசத்தை இப்படித் தள்ளுங்க," என்றார்கள். தள்ளினான். சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். நான் சாப்பிட மறந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா எப்பிடி?"

"இருக்காங்க. உங்களைக் கூட்டிட்டு வர முடியுமான்னு பார்க்கச் சொன்னாங்க."

அவன் கொஞ்ச நேரம் சாப்பிட்டான்.

"எனக்கு அந்தக் கதை நல்லாப் பிடிச்சது," என்றான். "கப்பல், ஏரி. கடைசி ராசாவுக்கு என்ன நடந்ததெண்டு கேக்கத்தான் இருந்தனான். அதை அண்டைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"யாருக்கும் தெரியாது தம்பி. அவர் பேர்ல கல்வெட்டு வந்துட்டே இருக்கு. அப்புறம் வரல. செத்தாரா, எங்கயாவது போனாரான்னு ஒரு வரி இல்ல."

"அப்ப நல்லாத்தான் இருந்திருப்பார்," என்றான் அவன், அப்பளத்தை உடைத்துக்கொண்டே. "எழுதி வைக்க ஆள் இல்லாத இடத்துக்குப் போயிட்டார்."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அக்கா வேண்டுமென்று செய்யவில்லை, மேடையில் அப்படி வந்துவிட்டது, எல்லோரும் வீட்டைத்தான் பேசுவார்கள், நான்கூட என் மாமியாரை... அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான்.

"தெரியும் அக்கா. பகிடி நல்ல பகிடி. நானும் சிரிச்சனான். ஆனா உள்ளுக்க இருக்கேக்க எல்லாத்தையும் எழுதுவினம். எப்ப சாப்பிட்டனான், எப்ப நித்திரை, ஏன் கதைக்கேல்லை. காவலுக்கு வாற புது ஆளுக்கும் என்னைப் பற்றித் தெரிஞ்சிருக்கும். வெளியில வந்தாப் பிறகு, மற்றவைக்குத் தெரியாததெண்டு என்னட்ட இருந்தது அந்தக் கராஜ் ஒண்டுதான். அண்டைக்குச் சாப்பாட்டு லைனில நிக்கேக்க அதுவும் எல்லாருக்கும் தெரியும். இங்க ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. பூக் கொண்டு வாற ஆள். அவ்வளவுதான்."

பக்கத்துக் குடும்பம் எழுந்து போயிற்று. அவன் அவர்கள் விட்டுப்போன தட்டுகளையும் எடுத்து அடுக்கினான்.

"அக்காவிட்டச் சொல்லுங்கோ, எனக்குக் கோவம் இல்லை எண்டு. வரமாட்டன் எண்டும் சொல்லுங்கோ. ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கோ, ஒண்டை மட்டும் சொல்லாதேங்கோ. என்னை வளர்த்தவ அவ. விளங்கும்."

வெளியே வந்து வாளிகளை வேனில் ஏற்றினான். எனக்கு ஒரு கொத்து மஞ்சள் செவ்வந்தியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். விமானத்தில் கொண்டுபோக முடியுமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "போயிட்டு வாறன் அக்கா," என்றான்.

காருக்குள் உட்கார்ந்து தோழியை அழைத்தேன். கையிலேயே வைத்திருந்திருப்பாள் போல, உடனே எடுத்தாள். நான் மூச்சு விடாமல் சொன்னேன். "கோவம் இல்லையாம் அக்கா, வரமாட்டாராம்."



"எதை முதல் சொன்னவன்?"

"கோவம் இல்லங்கறதத்தான்."

"ம்." பிறகு, "மெலிஞ்சு போனானோ?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்கார். நல்லா சாப்பிட்டார்."

"எங்க?"

சொல்லலாமா என்று யோசித்தேன். கண்ணாடியில் பனி படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை.

"கோயில்ல. மேசையில உட்கார்ந்துதான். எல்லாரோடயும்."

"ஆக்களோடயோ?"

"ஆமாக்கா."

அவள் மூச்சு ஒருமுறை உள்ளே போய் வெளியே வருவது கேட்டது.

"அப்ப நல்லது," என்றாள். "நல்லதுதானே. நான் வைக்கிறன், மகள் வந்திட்டாள்."

அவள் பின்னால் எந்தக் கதவும் திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.